42 நாளும் 45 நிமிடமும்

(மனநலச் சிகிச்சைக்குச் செல்வோர், ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையில் சுயமுன்னேற்ற நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் பயன்படுத்தலாமா? தொலைக்காட்சி மன்றத்தில் மலாக்காவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், நல்ல நூல்கள் இருக்க மனநல மருத்துவர் எதற்கு என்று கேட்டார். அரங்கத்தில் கைதட்டல். அவருக்குப் பின் வந்த அம்மையார், மனம் உடைந்தவன் கையில் புத்தகத்தைக் கொடுப்பது, நீரில் தத்தளிப்பவனிடம் நீச்சல் பாடநூலைக் கொடுப்பதற்குச் சமம் என்றார். அதற்கும் கைதட்டல். இரண்டுக்கும் நானும் கைதட்டினேன். பிறகுதான் யோசித்தேன், இந்த இரண்டு பேச்சிலும் நான் எங்கே இருக்கிறேன் என்று.

நான் டாக்டர் இல்லை. ஆலோசகரும் இல்லை. 38 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்துவிட்டு 2017-இல் ஓய்வு பெற்றவன். இந்தத் தலைப்பில் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, நான் மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்றவன் என்பதுதான். இதைத் தொலைக்காட்சியில் சொல்லப் போகிறேன் என்றதும் என் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை. மூன்றாவது நாள் என் மனைவிதான் இந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தார்.

நான் பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர். மலாக்காவில்தான் இந்த நாட்டின் ரப்பர் தோட்ட வரலாறே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியும். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் போட்ட கன்றுகள், அடுத்து ஆசாஹான் பக்கம் பெரிய தோட்டம், பிறகு ஊர் ஊராக நம் ஆட்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த லயத்து வாழ்க்கையில் ஒரு குணம் உண்டு. பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். அங்கே எவருக்கும் இரகசியம் கிடையாது. ஆனாலும் மனம் சரியில்லை என்ற ஒன்றை மட்டும் அந்தப் பலகைச் சுவருக்குள்ளேயே எப்படியோ ஒளித்து வைத்திருந்தார்கள். "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்பார்கள். "அவருக்கு அப்பப்போ அப்படித்தான்" என்பார்கள். பெயர் மட்டும் வைக்க மாட்டார்கள்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஓய்வு பெற்ற மறு ஆண்டு தூக்கம் போனது. பிறகு பசி. முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. எப்படி என்றால், நான் நாளிதழ் படிப்பதை நிறுத்திவிட்டேன். நாற்பது ஆண்டுகளாகக் காலை தேநீரோடு தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவன், இரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறேன். பதினேழு நாள் பத்திரிகை. எண்ணிப் பார்த்து அவர் அழுதிருக்கிறார். எனக்குத் தெரியாது.

கோவிலுக்குப் போனோம், கயிறு கட்டினோம். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. பிறகு அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். அந்த இளம் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து ஒன்பது கேள்விகளுக்குப் பதில் போடச் சொன்னார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் சோர்வாக இருந்தீர்கள், எத்தனை நாள் தூக்கம் இல்லை, இப்படி. ஒன்பதாவது கேள்வியில் என் பேனா நின்றது. அதை இங்கே விளக்கத் தேவையில்லை. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்கள். மாத்திரை ஒரு பக்கம், உளவியல் சிகிச்சை ஒரு பக்கம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த சந்திப்பு ஆறு வாரத்திற்கு ஒரு முறை. ஒரு சந்திப்பு 45 நிமிடம். நான் கணக்கு வாத்தியார், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஆறு வாரம் என்பது 42 நாள். 42 நாளுக்கு 1,008 மணி நேரம். அதில் 45 நிமிடத்தைக் கழித்தால் மீதி 1,007 மணி 15 நிமிடம். அந்த மீதியில் நான் என்ன செய்வது? என் நோய் 45 நிமிடம் மட்டும் வேலை செய்கிற நோய் இல்லை. அதிகாலை மூன்று மணிதான் அதற்குப் பிடித்த நேரம்.

ஆறு வாரம் காக்க வைத்தார்களே என்று நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தேசிய உடல்நல ஆய்வின்படி 2019-இல் நாட்டில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு நோய் இருந்தது. 2023-இல் எடுத்த ஆய்வில் அது 4.6 விழுக்காடு, பத்து லட்சம் பேர். நான்கே ஆண்டில் இரண்டு மடங்கு. நாற்காலி அதே எண்ணிக்கை, உட்கார வருபவர்கள் இரண்டு மடங்கு என்றால் வரிசை நீளத்தான் செய்யும்.

அந்த 1,007 மணி நேரத்தில் நான் முதலில் செய்ததைச் சொல்லுகிறேன். அது தவறு.

எனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் நண்பர்கள் வந்தார்கள். நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வந்தால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவருவார்கள். வாத்தியாரைப் பார்க்க வந்தால் புத்தகம் கொண்டுவருவார்கள். பதினொரு புத்தகம் சேர்ந்தது. எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' மட்டும் இரண்டு பிரதி. ஒருவர் பென் டிரைவ் நிறையச் சொற்பொழிவு போட்டுக் கொடுத்தார். ஒலியில் அறிவுரை கேட்பது நமக்குப் புதிதல்ல. கண்ணதாசன் தம் குரலிலேயே பேசிய 'அர்த்தமுள்ள இந்து மதம்' கேசட் ஓடாத தோட்டம் அந்தக் காலத்தில் எது? எங்கள் லயத்தில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆறு குடும்பம் சுற்றி உட்கார்ந்து கேட்போம்.

பதினொரு புத்தகத்தையும் படித்தேன். அல்லது படிக்க முயன்றேன். ஒரே பக்கத்தை நான்கு முறை படிப்பேன், எதுவும் ஏறாது. ஏறிய கொஞ்சமும் என்னைக் குத்தியது.

அதில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் இன்று நாம் சுயமுன்னேற்ற நூல் என்று சொல்கிறோமே, அந்த வகைக்கு மூத்த பிள்ளைகளில் ஒன்று 1909-இல் வந்த 'மனம் போல வாழ்வு'. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903-இல் எழுதிய சிறு நூலைத் தமிழாக்கியவர் யார் தெரியுமா? கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார். 1908-இல் இராஜத் துரோகக் குற்றம் சாட்டி உள்ளே தள்ளினார்கள், 1912 கடைசியில்தான் வெளியே விட்டார்கள். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். அப்படிப்பட்ட சிறைக்காலத்தில் வந்த புத்தகம் அது. பின்னர் அதே ஆசிரியரின் வேறு நூல்களையும் 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' என்று அவர் தமிழுக்குத் தந்தார். நம் எண்ணமே நம் வாழ்வை உருவாக்குகிறது என்பது அந்நூலின் சாரம்.

செக்கிழுத்த மனிதருக்கு அது எப்படிப்பட்ட துணையாக இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. உடம்பைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், மனத்தையாவது நான் ஆளுகிறேன் என்று நிமிர்ந்து நிற்க அது உதவியிருக்கும். ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து பல் துலக்க முடியாத எனக்கு அதே கருத்து எப்படிக் கேட்டது? உன் நிலைமைக்கு உன் எண்ணமே காரணம். அதாவது, நீயே காரணம். மனச்சோர்வு ஏற்கனவே இரவும் பகலும் அதைத்தான் என் காதில் ஓதிக்கொண்டிருந்தது. இப்போது அச்சிட்ட சாட்சியும் கிடைத்துவிட்டது. சிதம்பரனார் மேல் எனக்குள்ள மரியாதையில் துளியும் குறையவில்லை. ஆரோக்கியமானவனுக்குப் பலகாரம், வயிற்றுப்போக்குக்காரனுக்கு விஷம், அவ்வளவுதான்.

இது என் ஒருவனுடைய கோளாறு என்று அப்போது நினைத்தேன். பிறகு தெரிந்தது, கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் இதையே சோதித்து 2009-இல் வெளியிட்டிருக்கிறார்கள். 'நான் அன்புக்குரியவன்' என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தம்மைப் பற்றி நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அதனால் கொஞ்சம் நன்மை. தம்மைத் தாழ்வாக நினைத்தவர்களில், சொன்னவர்களின் நிலை சொல்லாதவர்களைவிட மோசம். அதிகாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பூப்படம் போட்டு, மகிழ்ச்சி உன் கையில் என்று அனுப்புகிறார்களே, அவர்களுக்கு இந்தச் செய்தியைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்.

இரண்டாவது சந்திப்புக்குப் போனபோது பதினொரு புத்தகத்தின் பெயரையும் பட்டியல் போட்டு எடுத்துப் போனேன், பாராட்டு கிடைக்கும் என்று. அங்கே இருந்த உளவியல் அதிகாரி மலாய்ப் பெண்மணி. வயதில் என் மகளைவிட இளையவர். என்னைச் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார். மலாயில் அது ஆசிரியர். தமிழில் சிக்கு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். அன்று என் தலைக்குள் இருந்தது அதுதான். பட்டியலைப் பார்த்தார், மடித்து என்னிடமே கொடுத்தார். "சிக்கு, ஒரு மாணவனுக்கு ஒரே நாளில் பதினொரு பாடநூல் கொடுப்பீர்களா?" என்று கேட்டார்.

அவர் கொடுத்தது நான்கு பக்கம். டேவிட் பர்ன்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1980-இல் எழுதிய 'ஃபீலிங் குட்' என்ற பருமனான நூலில், மனம் செய்கிற பத்து விதத் தப்புக் கணக்குகள் பற்றி வரும் பகுதி. எல்லாம் அல்லது எதுவுமில்லை என்று நினைப்பது, அடுத்தவர் மனத்தைப் படித்துவிட்டதாக நினைப்பது, நமக்கு நாமே முத்திரை குத்திக்கொள்வது, இப்படிப் பத்து. இந்தப் பத்தில் உங்களுடையது எது என்று மட்டும் பார்த்து வாருங்கள், மீதிப் புத்தகத்தைத் திறக்காதீர்கள் என்றார். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கோடு போடச் சொன்னார். என்ன நடந்தது, அப்போது மனத்தில் ஓடியது என்ன, அதற்கு வேறு விளக்கம் உண்டா.

நான் எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாதே. அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றும் மறக்கவில்லை. "நீங்கள் உங்களை எந்த மொழியில் திட்டிக்கொள்கிறீர்களோ, அந்த மொழியில் எழுதுங்கள். எனக்கு வாயால் சொன்னால் போதும்." நம் சமூகத்திற்கு இது பெரிய விஷயம். நாம் மலாயில் அரசாங்கத்தோடு பேசுகிறோம், ஆங்கிலத்தில் வங்கியோடு பேசுகிறோம். ஆனால் நடுராத்திரியில் நம்மை நாமே 'தண்டச்சோறு' என்று திட்டிக்கொள்வது தமிழில்தானே? அந்தச் சொல்லை மலாயில் எழுதிப் பாருங்கள், பாதி விஷம் இறங்கிவிடும், ஆனால் அது உண்மையான சொல்லாக இருக்காது.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ஜாசின் சந்தையில் என் பழைய மாணவன் ஒருவன் எதிரே வந்தான், என்னைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டான். முதல் கட்டத்தில் அதை எழுதினேன். இரண்டாவது கட்டத்தில், '38 வருஷம் உழைத்து ஒருவன் மனத்திலும் நான் இல்லை' என்று எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் எழுத ஒரு மணி நேரம் ஆனது. அவன் அவசரத்தில் இருந்திருக்கலாம். என்னைத் தெரியாமல் இருந்திருக்கலாம், நான் அப்போது எட்டுக் கிலோ இளைத்திருந்தேன். வீட்டுப்பாடம் செய்யாததற்கு அவனை நான் வெயிலில் நிறுத்தியதும் நினைவுக்கு வந்தது, அதனாலும் இருக்கலாம். எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்று எழுதியதும் அன்று இரவு நான்கு மணி நேரம் தூங்கினேன்.

வீட்டுப்பாடம் கொடுப்பது இந்தச் சிகிச்சையின் இலவச இணைப்பு அல்ல, அதன் உடம்பிலேயே உள்ள உறுப்பு. ஃபிலடெல்ஃபியாவில் 1960-களில் ஏரன் பெக் இந்த முறையை உருவாக்கியபோதே அதை வைத்துத்தான் செய்தார். சந்திப்பில் பேசியதை வெளியே போய்ச் செய்து பார்க்க வேண்டும், அடுத்த சந்திப்பில் கணக்குக் காட்ட வேண்டும். வீட்டுப்பாடம் செய்கிற நோயாளிகளுக்குப் பலன் கூடுதல் என்று பிறகு வந்த பல ஆய்வுகளும் சொல்கின்றன. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனை நாம் என்ன செய்தோம் என்பதை இந்த வேளையில் மறந்துவிடுவோம்.

புத்தகத்தையே மருந்தாகப் பார்க்கும் எண்ணமும் பழசுதான். அமெரிக்காவில் சாமுவேல் குரோதர்ஸ் என்ற மதபோதகர் 1916-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார். அவர் பாதி வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் 2003-வாக்கில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் நீல் ஃப்ரூட் என்ற உளவியலாளர், டாக்டர்கள் மருந்துச் சீட்டு போலவே புத்தகச் சீட்டு எழுதிக் கொடுக்க, நோயாளி பொது நூலகத்தில் போய் அதை இரவல் வாங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். 2013-இல் இங்கிலாந்து முழுவதும் அப்படி ஒரு திட்டம் வந்தது. கண்ட புத்தகமும் அல்ல, வல்லுநர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்த பட்டியல். நம் மலாக்காவிலும் நூலகம் இருக்கிறது, கிளினிக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டுதான் வேண்டும். தமிழில் அப்படி ஒரு பட்டியலை யார் தயாரிப்பது என்ற கேள்வியை, இங்கே அமர்ந்திருக்கும் பல்கலைக்கழக நண்பர்கள் மடியில் வைக்கிறேன்.

முதலில் பேசிய நண்பருக்கு ஒரு தகவல். நூல் மட்டுமே போதும் என்றீர்கள். அலபாமாவில் ஃபாரஸ்ட் ஸ்கோகின் என்ற பேராசிரியர் குழு, இலேசான, நடுத்தர மனச்சோர்வுள்ள முதியவர்களுக்கு நான் சொன்ன அதே பர்ன்ஸ் நூலைக் கொடுத்து நான்கு வாரம் படிக்கச் சொன்னது. 1989-இல் முடிவு வந்தது. படித்தவர்களுக்குக் காத்திருந்தவர்களைவிட நல்ல முன்னேற்றம். உங்கள் கட்சி ஜெயித்தது போலத் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு சின்ன விவரம் உண்டு. வாரம் ஒரு முறை, சில நிமிடங்கள், ஒரு மனிதர் தொலைபேசியில் கூப்பிட்டுப் படிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். சில நிமிடம்தான். ஆனால் கேட்க ஒருவர் இருந்தார். அதோடு, அது இலேசான, நடுத்தர நோய்க்கு. ஒன்பதாவது கேள்வியில் பேனா நிற்கிறவர்களுக்கு அல்ல.

இப்போது ஒலிப்பதிவுக்கு வருகிறேன். நம் தோட்டப்புறத்திற்கு உண்மையில் முக்கியமானது இதுதான். ஏனென்றால் படிக்கத் தெரிந்த நான் தப்பித்துக்கொண்டேன். படிக்காதவர்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. மூன்றாம் ஆண்டோடு பள்ளியை விட்டவர். மகன் விபத்தில் இறந்த பிறகு நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல். மாரடைப்பு என்று பயந்து நான்கு முறை அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். கடைசியில் இது பதற்ற நோய் என்று சொல்லி மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தாளைக் கொடுத்தார்கள். மலாய் மொழித் தாள். அவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். தினமும் அதைத் தொட்டுக் கும்பிட்டாராம்.

அவருடைய மகள் ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளை. என்னிடம் வந்து, "சார், இதைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள், நான் அம்மாவுக்குப் போனில் பேசி வைக்கிறேன்" என்றது. முதலில் அந்தச் சிகிச்சையாளரைக் கேட்டோம். அவர் சம்மதித்து, இரண்டு இடத்தைத் திருத்தியும் கொடுத்தார். ஆறு நிமிடப் பதிவு. மேளம் இல்லை, புல்லாங்குழல் இல்லை, கடல் அலை இல்லை. "அம்மா, இப்ப உங்களுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. இது ஹார்ட் அட்டாக் இல்லைன்னு டாக்டர் நாலு தடவை பார்த்துச் சொல்லிட்டாங்க. இது வரும், ஏறும், அப்புறம் இறங்கும். ஓடாதீங்க. உட்காருங்க." இப்படிப் போகும்.

பின்னால் ஒருநாள் படித்தேன், ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற பெண் டாக்டர் 1960-களிலேயே இதைத்தான் செய்திருக்கிறார். பயத்தோடு சண்டை போடாதே, அது வந்து போகட்டும், நேரம் போகட்டும் என்பது அவர் முறை. 1962-இல் புத்தகம் எழுதினார். அதோடு தம் குரலை இசைத்தட்டில் பதிவு செய்து, வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு அனுப்பினார். ஜாசின் பிள்ளைக்கு இந்த வரலாறு தெரியாது. அம்மாவின் பயம் மட்டும் தெரியும்.

பதிவு வேலை செய்தது. அவசரப் பிரிவு ஓட்டம் நின்றது. லயத்துப் பலகைச் சுவருக்கு இயர்போன்தான் பதில் என்று நான்கூடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சகோதரிக்கு அந்தப் பதிவு மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அளவுக்கு மீறி. படபடப்பு வந்தால் கேட்க வேண்டியதை, வருமோ என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு இருபது தடவை. செம்பனைக் காட்டில் காதில் அதை மாட்டிக்கொண்டு நடந்தார். குலை விழுகிற சத்தம் கேட்க வேண்டிய இடம் அது. மண்டோர் பார்த்துத் திட்டியிருக்கிறார். அதைவிடப் பெரிய தவறு, 'அதுதான் பாப்பா குரல் இருக்கே' என்று அடுத்த சந்திப்புக்குப் போகவில்லை. மலாக்காவுக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போகிறதே. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. மாத்திரையையும் தாமாகவே நிறுத்திவிட்டார். எங்களிடம் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு பதினோரு மணிக்கு அந்தப் பிள்ளை எனக்குப் போன் செய்தது. "சார், அம்மா பதிவை அழிச்சிட்டாங்க. இனிமே வேணாம்னு சொல்றாங்க." அந்தச் சொல்லின் பொருள் எனக்கு உடனே புரிந்தது, ஏனென்றால் நான் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன். அம்மாவைத் தனியே விடாதே, பக்கத்திலேயே உட்கார் என்று சொல்லிவிட்டு என் மகனை எழுப்பிக் காடியை எடுக்கச் சொன்னேன். அன்றிரவே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். தங்க வைத்துப் பார்த்தார்கள். இன்று அவர் இருக்கிறார். இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதாகவும் சொன்னார். அக்கா, வணக்கம்.

அதில் என் தவறு என்ன என்று பல நாள் யோசித்தேன், இந்த முறை மூன்று கட்டம் போட்டே யோசித்தேன். பதிவு செய்தது தவறில்லை. அதைச் சந்திப்போடு சேர்த்துக் கட்டாமல் விட்டதுதான் தவறு. எத்தனை தடவை கேட்பது, எப்போது கேட்கக் கூடாது, அடுத்த சந்திப்புத் தேதி என்ன என்று அந்தப் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது யாராவது கேட்டால் முதல் வரியே அதுதான்: "இன்ன தேதி, இத்தனை மணிக்கு உங்களுக்கு அப்பாயின்ட்மென்ட்."

நேரம் குறைவு என்று தலைவர் சைகை காட்டுகிறார், நடைமுறைக்கு வந்துவிடுகிறேன்.

உங்களைப் பார்க்கும் சிகிச்சையாளரிடம் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். 'நான் இதைப் படிக்கிறேன், இதைக் கேட்கிறேன்' என்று பெயரோடு சொல்லுங்கள். ஒளிக்காதீர்கள். கண்ணை மூடி உடம்பைத் தளர்த்தும் பதிவு பலருக்கு நல்லது, ஆனால் சிலருக்கு, குறிப்பாக அடி உதை, பலாத்காரம் போன்ற கொடுமைகளை அனுபவித்தவர்களுக்கு, கண்ணை மூடியதும் அந்தக் காட்சியே வரலாம். அப்படி வந்தால் நிறுத்திவிடுங்கள், நிறுத்தியதையும் போய்ச் சொல்லுங்கள். காதில் குரல் கேட்கும் நோய் உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் இயர்போனில் எதையும் போட்டுக் கொடுக்காதீர்கள்.

சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை, சிகிச்சையாளர் அனுமதித்தால், உங்கள் போனிலேயே பதிவு செய்யுங்கள். டாக்டர் சொன்னதில் நாற்பது முதல் எண்பது விழுக்காடு வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று ஒரு மருத்துவ இதழில் 2003-இல் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் மலாக்கா சென்ட்ரலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே பாதியை மறந்திருப்பேன். பதிவு செய்த பிறகு, ஜாசின் வந்து சேருவதற்குள் இரண்டு முறை கேட்டுவிடுவேன். என் குரலை நானே கேட்க முதலில் கூச்சமாக இருந்தது. எப்படி அழுதழுது பேசியிருக்கிறேன் என்று தோன்றியது. மூன்று மாதம் கழித்து அதே பதிவைப் போட்டபோது, பேசுகிறவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அது நான்தான் என்று தெரிந்தும்.

ஒரு நேரத்தில் ஒரு புத்தகம். 'முப்பது நாளில் புது மனிதன்' என்று அட்டையில் போட்டிருந்தால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வையுங்கள். அரசாங்க நிபுணத்துவக் கிளினிக்கில் குடிமகனுக்கு ஐந்து வெள்ளிதான் கட்டணம் என்று இருக்கும்போது, நூற்றுக்கணக்கில் கொடுத்து மேடைப் பேச்சு சிடி வாங்க வேண்டியதில்லை.

படிக்கும்போதோ கேட்கும்போதோ சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், புத்தகத்தை மூடுங்கள், மனிதரைத் தேடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள். சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. போலீஸ் பிடிக்குமே என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற குற்றவியல் சட்டம் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. வந்து நிற்பவர் இன்று நோயாளிதான், குற்றவாளி இல்லை.

கடைசியாக அந்தச் சகோதரியைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது அவர் போனில் வேறொரு பதிவு இருக்கிறது. மகள் மேற்படிப்புக்கு வெளியூர் போய்விட்டதால், இந்த முறை அவரே பேசியிருக்கிறார். நான்கு நிமிடம். எனக்குப் போட்டுக் காட்டினார். நடுவில் கோழி கூவுகிறது, பக்கத்து வீட்டில் யாரோ கூப்பிடுகிறார்கள், அவர் பதிவை நிறுத்தாமல் "இருங்க, வரேன்" என்று பதில் சொல்கிறார். அதையும் அழிக்கவில்லை. நான் கேட்டதற்கு, "இருக்கட்டும் சார், அது நல்லாத்தான் இருக்கு" என்றார்.